துவைக்கக் கூடாது

புதுச் சட்டைகளைப் பழசாக்குவது என் வேலை.
தேக்காவில் மொத்தமாய் வாங்கிய
நீலச் சட்டைகள் பன்னிரண்டையும்
இரவெல்லாம் உப்புத்தாளால் தேய்த்தேன்.
கழுத்துப்பட்டையில் ஒப்பனைத் தூசு அப்பினேன்.
கக்கத்தில் உப்புத் தண்ணீர் தெளித்தேன்.
கேமரா நம்பவில்லை.

படம் வர்க்கத்தைப் பற்றியது.
புக்கித் தீமாவில் ஒரு கொண்டோ,
அதன் நீச்சல் குளத்தோரம்
மூன்று மாதச் சம்பளம் கேட்டு
பதினோரு பேர் ஏறி வருகிற கதை.
மானிய விண்ணப்பத்தில்
பன்முகத்தன்மை என்று ஒரு கட்டம் இருந்தது.
அதில் விழுந்த ஒற்றை டிக்கில்
லோகேந்திரன் இருந்தான்,
ஒப்பனைக்காரி சுரயா இருந்தாள்,
நானும் ஓரமாய் ஒண்டிக்கொண்டேன்.

லோகேந்திரன் சட்டம் படித்தவன்,
பாசிர் ரிஸ்ஸில் பிறந்தவன்.
புதுக்கோட்டைத் தமிழ் பேச
இரண்டு வாரம் பயிற்சி எடுத்தான்.
ஒவ்வொரு வரி முடிவிலும்
ஒரு 'லா' எட்டிப் பார்த்துவிட்டு
வெட்கப்பட்டு உள்ளே போகும்.

மூன்றாம் நாள், இயக்குநர் வெய் திங்
சாலைக்கு எதிர்ப்புறம் கை நீட்டினாள்.
அங்கே நிஜமாகவே ஒரு கட்டடம்
ஏறிக்கொண்டிருந்தது.
"அந்தச் சட்டை" என்றாள்.
ஆள் இல்லை, சட்டை.

ஐம்பது வெள்ளியோடு சாலையைக் கடந்தேன்.
பெயர் அடைக்கலம் என்றார்.
விலைக்கு இல்லை அவர் தயக்கம்.
"துவைச்சு நாளைக்குத் தர்றேன் மேடம்,
வேர்வை நாத்தம் அடிக்கும்."
நான் சொன்னேன், "துவைக்க வேண்டாம்."
அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.
பிறகு லாரி மறைவில் போய்க் கழற்றினார்.
மாற்றாக நான் கொடுத்தது
முதல் நாள் இரவு நான் பழசாக்கிய ஒன்றை.
ஒரே அலசலில் அது புதுசாகிவிடும்,
அதை மட்டும் சொல்லாமல் விட்டேன்.

பகல் சாப்பாட்டு நேரத்தில் வந்து
கயிற்றுக்கு வெளியே நின்று பார்த்தார்.
அவருடைய சட்டைக்குள் நின்று லோகேந்திரன்
குளத்து நீல வெளிச்சத்தில் கத்தினான்:
"நாங்களும் மனுசங்கதான்!"
கட்.
யாரோ கை தட்டினார்கள்.

அடைக்கலம் என் பக்கம் குனிந்து
"அப்படிச் சொல்ல மாட்டோம் மேடம்."
"பின்னே?"
"சம்பளம் எப்ப சார்னு கேப்போம்.
அவ்ளோதான்.
மனுசங்கன்னு அவருக்குத் தெரியாதா என்ன."

வெய் திங் பத்தடி தூரத்தில்தான் இருந்தாள்,
மோசமானவள் அல்ல, கேட்டிருப்பாள்.
ஆனால் வசனம் வேறு பிரிவு.
நான் சட்டைகள்.
படப்பிடிப்பிலும் மாடிகள் உண்டு,
எந்த மாடியில் என் லிப்ட் நிற்கும் என்று
எனக்குத் தெரியும்.
வாயை மூடிக்கொண்டு
ஒரு பொத்தானைச் சரிசெய்தேன்.

ஆர்ச்சர்டில் முதல் காட்சி.
பொய் சொல்ல மாட்டேன், அழுதேன்.
எங்கள் நிறத்துக்கென்று
சுரயா சண்டை போட்டு வாங்கிய விளக்கில்
கறுப்பு முகம் ஒன்று
சாம்பல் பூசாமல் திரை முழுக்க மின்னியது.
என் பதினாறு வயதில் இதைப் பார்த்திருந்தால்
அந்தப் பவுடர் டப்பாக்களை வாங்கியிருக்க மாட்டேன்.
அந்த அழுகை நிஜம்.
கலந்துரையாடலில் ஒருவர் எழுந்து
"கடைசியில் அவர்கள் குரல் கேட்டது" என்றபோது
கண்ணைத் துடைத்துக்கொண்டதும் நிஜம்.

பெயர்ப் பட்டியல் ஓடியது.
தொழிலாளி 2: லோகேந்திரன்.
உணவு வழங்கியவர், கார் ஓட்டியவர்,
குளத்தைக் கடன் கொடுத்தவர்,
உடைப்பிரிவில் ஆறாவதாக நான்.

எதிர்ப்புறக் கட்டடம் முடிந்துவிட்டது.
பால்கனிகளில் பூந்தொட்டிகள்.
அடைக்கலம் இப்போது துவாஸிலோ ஊரிலோ,
நான் விசாரிக்கவில்லை.
சட்டை மட்டும் காக்கி புக்கிட் கிடங்கில்
பிளாஸ்டிக் பைக்குள் தொங்குகிறது.
இரண்டாம் பாகம் எடுத்தாலும் எடுப்பார்களாம்.
என் கையெழுத்தில் ஒரு சீட்டு:
காட்சி 41. துவைக்கக் கூடாது.

நேற்று கணக்கெடுக்கும்போது
அதன் பையில் கை விட்டேன்.
தச்சுப் பென்சில் துண்டு ஒன்று,
பாதி சீவியது.
சரக்குப் பட்டியலில் அதை
எந்தத் தலைப்பில் சேர்ப்பது?